தலைவன் பேசாத பேச்சு

கடற்கரை. பின்னே வானளாவிய மரங்கள். முன்னே, நிலத்தை விலை பேச வந்த வெள்ளையர் ஆட்சியின் ஆளுநர். அவர் எதிரே முதிய தலைவன் ஒருவன் எழுகிறான். தோளிலே கம்பளி, விழியிலே கனல், குரலிலே இடி! நிலமும் காற்றும் வாணிகச் சரக்கல்ல என்று முழங்குகிறான். ஆறும் மரமும் விலங்கும் மனிதனின் உற்றார் உறவினர் என்று உருகுகிறான். வெள்ளையனின் பேராசை ஒருநாள் அவனையே விழுங்கும் என்று எச்சரிக்கிறான்.

காட்சி அருமை, கருத்தும் அருமை. குறை ஒன்றே ஒன்றுதான் — அந்தப் பேச்சை அந்தத் தலைவன் பேசவில்லை!

"சியாட்டில் தலைவரின் பேருரை" என்ற பெயரால் உலகெங்கும் உலவிவரும் உரையைத்தான் குறிப்பிடுகிறோம். தமிழிலும் அது பல வடிவங்களில் வந்திருக்கிறது. மரம் நடும் விழாவா? அங்கே அது படிக்கப்படும். பள்ளி ஆண்டுவிழாவா? தலையில் இறகு செருகிய சிறுவன் ஒருவன் அதை ஒப்பிப்பான். கேட்போர் கண்கலங்குவர், கைதட்டுவர், கலைந்து செல்வர். வகுப்பறையில் நின்று பாடம் சொல்லும் தொழிலுடைய நமக்கு, இந்த உரையைத் திறனாயும் கடமை உண்டு. "ஐயா, இது உண்மையா?" என்று பிள்ளைகள் கேட்டால் என்ன விடை சொல்வது?

முதலில் வரலாறு. சியாட்டில் என்பவர் கற்பனை மாந்தரல்லர். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், இன்று வாஷிங்டன் மாநிலமாக உள்ள நிலப்பகுதியில், சுக்வாமிஷ், துவாமிஷ் என்ற இரு மக்களினங்களின் தலைவராக விளங்கியவர். 1866ஆம் ஆண்டு மறைந்தவர். 1854இல் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் முன்னிலையில் அவர் தம் தாய்மொழியான லஷூட்சீடில் உரையாற்றினார் என்பர். அவ்வுரை அன்று அச்சேறவில்லை. 33 ஆண்டுகள் கழிந்தபின், 1887 அக்டோபரில், ஹென்றி ஸ்மித் என்ற மருத்துவர் — கவிதை எழுதும் பழக்கமுடையவர் — தாம் அன்று எடுத்த குறிப்புகளிலிருந்து எழுதியதாகக் கூறி, ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்றில் அதை வெளியிட்டார். அந்தக் குறிப்பேடு கிடைக்கவில்லை. தலைவர் சொன்னது எவ்வளவு, மருத்துவர் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட யாராலும் இயலவில்லை.

கதை அதோடு முடிந்ததா? இல்லை. 1969இல் வில்லியம் ஆரோஸ்மித் என்ற பேராசிரியர், ஸ்மித்தின் பூவேலைப்பாடுகளைக் களைந்து எளிய நடையில் அதைத் திருத்தி அமைத்தார். 1970இல் முதல் புவி நாள் கொண்டாடப்பட்ட காலத்தில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் திரைக்கதை பயிற்றுவித்த டெட் பெர்ரி அதைக் கேட்டார். பாப்டிஸ்டு கிறித்தவ அமைப்பு ஒன்று தயாரித்த "ஹோம்" என்ற படத்திற்காக, அந்த உரையை ஒரு தொடக்கமாக மட்டும் கொண்டு, புதிய உரை ஒன்றைத் தம் கற்பனையில் எழுதினார். 1972இல் படம் வெளிவந்தது. எழுதியவர் பெயரைக் காணோம்! தலைவரே பேசியது போலக் காட்டப்பட்டது. பெர்ரி இதை ஏற்கவில்லை. உரை தம்முடையது என்று பின்னாளில் திரும்பத் திரும்ப விளக்கினார். விளக்கம் நடந்து சென்றது. கட்டுக்கதை பறந்து சென்றது! 1987இல் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் கைசர் இந்த வரலாற்றை ஆய்ந்து வெளியிட்டார். அப்படியிருந்தும் 1991இல் அந்த உரை, சியாட்டில் தலைவரின் சொற்கள் என்ற அடையாளத்தோடு, வண்ணப் படநூலாக வந்து குழந்தைகளிடையே பெருவிற்பனை கண்டது. அடுத்த ஆண்டு "நியூயார்க் டைம்ஸ்" ஏடே முதல் பக்கத்தில் உண்மையை எழுதியது. உரையோ இன்றும் உலா வருகிறது.

ஏட்டுச் சான்றுகள் இல்லாவிட்டாலும், உரையே தன்னைக் காட்டிக் கொடுக்கிறது. ஓடும் இரயிலிலிருந்து சுடப்பட்டு வெளியெங்கும் அழுகிக் கிடக்கும் காட்டெருமைகளைத் தாம் கண்டதாகத் தலைவர் அதிலே கூறுகிறார். தலைவர் வாழ்ந்ததோ கடற்கழியின் கரையில்; காட்டெருமைக் கூட்டங்கள் மேய்ந்ததோ இரு பெரும் மலைத்தொடர்களுக்கு அப்பால். கண்டத்தின் இரு கரைகளையும் இணைக்கும் இரயில் பாதை முடிந்தது 1869இல். தலைவர் அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே மறைந்துவிட்டார். காட்டெருமைகள் இலட்சக்கணக்கில் வீழ்த்தப்பட்டதோ 1870களில்! இறந்தவர் கண்டார், இல்லாத இரயிலைக் கண்டார் என்றால், அது வரலாறா, புராணமா?

இன்னொன்று. ஸ்மித்தின் 1887ஆம் ஆண்டு வடிவத்தின் உயிர்நாடி என்ன? கல்லறைகள்! முன்னோர் உறங்கும் மண்ணைப் பற்றியே அது பேசுகிறது. வெள்ளையரின் கடவுள் எங்களுக்கும் உரியவரா என்று ஐயுறுகிறது. மாண்டவர் புதைகுழிகளைத் தடையின்றி வந்து காணும் உரிமை வேண்டும் என்று கேட்கிறது. பெர்ரி வடிவத்திலோ இரு சாராருக்கும் கடவுள் ஒருவரே என்று தலைவர் உறுதி கூறுகிறார். கிறித்தவ அமைப்பின் படத்திற்கு அது பொருத்தந்தான், தலைவருக்குத்தான் பொருத்தமில்லை! "உன் கடவுள் எனக்கு என்ன செய்தார்?" என்று வினவிய வாய்க்குள் "நம் கடவுள் ஒருவரே" என்ற சொல்லைத் திணித்திருக்கிறார்கள். உரிமை கேட்ட முதியவர் உபதேசியார் ஆகிவிட்டார்!

"இருக்கட்டுமே! எவர் எழுதினால் என்ன? கருத்து நல்லதுதானே? இயற்கையைக் காக்கச் சொல்கிறது. அதனால் என்ன கேடு?" என்று நல்லெண்ணமுள்ள நண்பர் சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது. விடையும் நேர்மையாக இருக்கவேண்டும்.

கருத்து நல்லது என்றால் அது தன் காலில் நிற்கட்டும். டெட் பெர்ரி என்ற ஆசிரியர் எழுதினார் என்று சொல்லிப் படித்தால் அதன் அழகு குறைந்துவிடுமா? குறையும் என்று அஞ்சித்தானே பெயரை மறைத்தார்கள்! சொன்னவர் முனிவர், ஆகவே சொன்னது வேதம் என்ற பழைய தந்திரம் நாம் அறியாததல்ல. தன் கருத்துக்குத் தாடியும் சடையும் ஒட்டி, முன்னோன் ஒருவன் வாயில் அதை ஏற்றி, "கேள்வி கேட்காதே, கும்பிடு!" என்று சொல்லும் வழக்கத்தை எதிர்ப்பவர் நாம். அந்தத் தாடியை எடுத்துவிட்டு இறகை வைத்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளலாமா?

அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. அந்த உரை ஒரு விடைபெறும் உரை. பழங்குடி மக்கள் மறைந்து கொண்டிருக்கிறார்கள்; மறையுமுன் நமக்கொரு நீதி சொல்லிப் போகிறார்கள் — இதுவே அதன் தொனி. மறைந்தவருக்கு மாலை போடலாம். நிலம் தரவேண்டியதில்லை அல்லவா? அந்தத் தலைவரின் பெயரையே சூட்டிக்கொண்ட சியாட்டில் நகரம், 1865இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, பழங்குடியினர் நகருக்குள் குடியிருக்கக் கூடாது என்று ஆணை பிறப்பித்தது. வெள்ளையரிடம் வேலை செய்வோர்க்கு மட்டும் விலக்கு. பெயர் வேண்டும், பெயருக்குரியவர் வேண்டாம்! அவருடைய துவாமிஷ் மக்களை ஒரு பழங்குடியினமாக ஏற்க அமெரிக்க அரசு 2001இலும் மறுத்தது, 2015இலும் மறுத்தது. 1991இன் படநூலைத் திறந்து பாருங்கள். புல்வெளிக் குதிரைகள், தோற்கூடாரங்கள், இறகு முடிகள்! சியாட்டிலின் மக்களோ மரப்பலகை நெடுவீடுகளில் வாழ்ந்தவர்கள். மரத்தைக் குடைந்த ஓடங்களில் கடலோடியவர்கள். எந்த மக்களைப் போற்றுவதாகச் சொல்கிறார்களோ அந்த மக்களின் வீடு எது என்றுகூட அறிந்துகொள்ளவில்லை. இது போற்றுதலா?

மறுபக்கமும் ஒரு பிழை நேரலாம். உரை பொய் என்று தெரிந்ததும், "பார்த்தீர்களா? பழங்குடிகளிடம் கற்க ஒன்றுமில்லை, எல்லாம் கற்பனை!" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவோர் உண்டு. அது பகுத்தறிவு ஆகாது, சோம்பல் அறிவு! பொய்யுரையை விலக்கினால், அதன் பின்னே மறைந்திருந்த மெய்யுரை தெரியும். அதைப் படிக்கவேண்டும்.

எது மெய்யுரை? 1855 சனவரி 22ஆம் நாள் கையெழுத்தான "பாயிண்ட் எலியட்" ஒப்பந்தம். அதில் சியாட்டிலின் அடையாளக் குறி உண்டு, ஐயத்திற்கு இடமில்லை. பெருநிலத்தை விட்டுக்கொடுத்தார்கள் அம்மக்கள். ஆனால் வழிவழியாக மீன்பிடித்த இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். கவிதையில்லை, கண்ணீரில்லை, வறண்ட சட்ட வாசகம். ஆயினும் நாம் சொல்வோம்: அந்த மக்களின் உலகநோக்கை அறிய விரும்புவோர்க்கு அந்தப் பேருரையைவிட இந்த ஒரு விதி சிறந்த இலக்கியம்! எல்லாம் பறிபோகும் வேளையில் ஒருவன் எதைக் கைவிட மறுக்கிறானோ, அதிலேதான் அவன் நெஞ்சம் இருக்கிறது. அவர்கள் கைவிட மறுத்தது ஆற்றையும் மீனையும்.

சால்மன் என்ற அந்த மீன் ஆற்றிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து, முட்டையிட்டு மடிவது. கடலில் உண்ட சத்தையெல்லாம் தன் உடலில் சுமந்து வந்து காட்டுக்குள் சேர்க்கிறது. கரடி தின்கிறது, கழுகு தின்கிறது, எச்சம் மண்ணில் கலக்கிறது. கடலிலிருந்து வந்த நைட்ரஜன் ஆற்றங்கரை மரங்களில் இருப்பதை இன்றைய அறிவியல் அளந்து காட்டியுள்ளது. மீன் மரமாகிறது!

அக்கரையின் மக்கள் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. பருவத்தின் முதல் சால்மனைப் பிடித்ததும் ஊரார் கூடி வரவேற்பர். எல்லோரும் பகிர்ந்து உண்பர். எலும்பை மீண்டும் நீரிலே விடுவர். மீன்கள் கடலடியில் மாந்தராய் வாழ்கின்றன, மனிதர்பால் அன்பு கொண்டு உடலைத் தர வருகின்றன, எலும்பைத் திருப்பித் தந்தால் மறுபடியும் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. பல இடங்களில் அந்த விழா நாட்களில் வலை வீசுவதில்லை. அந்த நாட்களில் என்ன நடக்கும்? முதலில் வந்த மீன் கூட்டம் தடையின்றி மேலேறும், முட்டையிடும், ஆற்றின் மேற்பகுதியில் வாழும் ஊராருக்கும் மீன் கிட்டும்.

இங்கே நம் தோழர்கள் சிலர் புருவம் நெரிப்பர். "சடங்குக்கு அறிவியல் விளக்கமா? இப்படித்தானே நம் நாட்டில் ஒவ்வொரு மூடப் பழக்கத்திற்கும் ஒருவர் விஞ்ஞானம் கற்பிக்கிறார்! அந்தக் கதவை நாமே திறந்துவிடலாமா?"

கேட்க வேண்டிய கேள்விதான். கதவைத் திறக்கவில்லை, கதவருகே ஒரு தராசை வைக்கிறோம். ஒரு வழக்கத்தின் பயனைச் சோதித்துப் பார்க்க முடியுமா என்பது முதல் கேள்வி. வலையை நிறுத்தினால் ஆற்றில் மேலேறும் மீன் கூடுகிறதா, இல்லையா என்று எண்ணிப் பார்த்துவிடலாம். எலும்பைக் கண்டு மீன் மகிழ்ந்ததா என்று எண்ணிப் பார்க்க இயலாது. முன்னதை ஏற்போம், பின்னதைக் கதையாகக் கேட்போம். அந்த வழக்கம் ஒருவனை உயர்த்தி ஒருவனைத் தாழ்த்துகிறதா என்பது இரண்டாவது கேள்வி. தாழ்த்துமானால் அதற்கு ஆயிரம் விஞ்ஞானம் சொன்னாலும் நமக்கு வேண்டாம். இந்தத் தராசு அவர்களுக்கும் பொருந்தும். அந்தக் கடற்கரைச் சமுதாயங்களிலும் உயர்குடியினர், பொதுமக்கள், அடிமைகள் என்ற பிரிவு இருந்தது. போரில் பிடிபட்டவர் அடிமையாயினர். "இயற்கையின் குழந்தைகள், கள்ளங்கபடமற்றவர்கள்" என்று பாடுவோர் இதைச் சொல்வதில்லை. நாம் சொல்வோம். ஏனெனில், அவர்களை மனிதராக மதிக்கிறோம், பொம்மைகளாக அல்ல.

"இயற்கையின் குழந்தைகள்" என்ற தொடரே ஓர் இழிவு. குழந்தைக்கு அறிவில்லை, உழைப்பில்லை என்பதுதானே அதன் உட்பொருள்? அதே கடற்கரையின் வடபகுதியில், இன்றைய கனடா நாட்டில், கடலோரத்திலே கற்சுவர் எழுப்பி, அலை ஒதுக்கும் மணலைத் தேக்கி, கிளிஞ்சல் வளரும் படுகைகளை மக்கள் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் சில 3,500 ஆண்டுகளுக்கும் முந்தியவை. சுவருக்குள் கிளிஞ்சல் மிகுதியாகவும் விரைவாகவும் வளர்கிறது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. இது தானாக விளைந்த இயற்கையா? இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கல் சுமந்த தோள்களின் விளைவு! இயற்கையோடு இணைந்து வாழ்தல் என்பது கைகட்டி வியந்து நிற்பதன்று. கைகொண்டு உழைப்பது, அளவறிந்து எடுப்பது, அடுத்தவனுக்கும் அடுத்த ஆண்டுக்கும் விட்டுவைப்பது.

1855இல் எழுதிக்கொடுத்த உரிமை நிலைத்ததா? ஏட்டிலே நிலைத்தது, ஆற்றிலே பறிபோனது. மீன் பிடித்த பழங்குடியினரை மாநில அரசு சிறைப்படுத்தியது. நிஸ்குவாலி இனத்தைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் முதன்முதலாகக் கைதானது 1945இல். அப்போது வயது 14. பின்னர் 50 தடவைக்கு மேல் கைதானார். 1960களில் அம்மக்கள் ஆற்றில் இறங்கிச் சட்டத்தை மீறி வலை வீசிப் போராடினர். தடியடி பட்டனர், வலை இழந்தனர், ஓடம் இழந்தனர், உறுதியை இழக்கவில்லை. 1974 பிப்ரவரி 12ஆம் நாள் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார்: பிடிக்கத்தக்க மீனில் பாதிவரை ஒப்பந்த மக்களின் பங்கு, மீன்வளத்தைப் பேணுவதிலும் அவர்களுக்குப் பொறுப்பு உண்டு. 1979இல் உச்ச நீதிமன்றம் அதன் அடிப்படையை உறுதி செய்தது.

பிறகு நடந்ததைக் கூர்ந்து நோக்கவேண்டும். உரிமை பெற்ற மக்கள் உயிரியல் அறிஞர்களை அமர்த்தினர், மீன் குஞ்சுப் பொரிப்பகங்கள் நடத்தினர், ஆற்றை அளந்தனர், மீனை எண்ணினர். முதல் சால்மன் விழாவும் நடக்கிறது, நுண்ணோக்கியும் இருக்கிறது. சாலைகளுக்கு அடியில் மாநில அரசு அமைத்த குழாய்ப்பாலங்கள் மீன் மேலேறும் வழியை அடைத்தன. ஆற்றில் மீனே இல்லையெனில் மீன்பிடிக்கும் உரிமை எதற்கு என்று வழக்குத் தொடுத்தனர். 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நால்வருக்கு நால்வர் எனப் பிரிய, மாநிலம் அவற்றைச் சீர்செய்ய வேண்டும் என்ற கீழ்நீதிமன்றத் தீர்ப்பே நிலைத்தது. உருக்கமான உரை எத்தனை குழாய்ப்பாலங்களைத் திறந்தது? ஒன்றுமில்லை. உரிமை திறந்தது!

எல்வா ஆற்றின் வரலாறும் அதுவே. 1913இல் ஓர் அணையும் 1927இல் மற்றோர் அணையும் மீன் ஏற வழியின்றி எழுந்தன. ஆற்றின் வாயிலில் வாழும் கிளாலம் மக்கள் மீனையும் இழந்தனர்; தங்கள் இனம் தோன்றிய இடம் என்று கருதிய பாறையும் நீரில் மூழ்கியது. நெடிய முயற்சிக்குப்பின் 1992இல் சட்டம் பிறந்தது. 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளும் இடிக்கப்பட்டன. பெரிய அணையின் உயரம் 64 மீட்டர்! மீன் திரும்பியது. 2023இல் அம்மக்கள் மீண்டும் எல்வாவில் வலை வீசினர். அணை எழுந்த நாளில் பிறந்த குழந்தை அந்த நாளைக் காணவேண்டுமானால் 110 ஆண்டுகள் வாழ்ந்திருக்கவேண்டும்.

இந்தப் பாடத்தை நம் நாட்டுக்கும் கொண்டுவரலாம். ஏனெனில் அந்தப் பேருரையைக் கேட்டு நம் மண்ணிலும் கண்கலங்குகிறோம். கலங்கும் அதே கண்கள், நம் மலைகளில் வாழ்வோர் நிலவுரிமை கேட்டு நிற்கும்போது எங்கே திரும்பிக்கொள்கின்றன? 2006இன் வன உரிமைச் சட்டம் அவர்களுக்குக் கிராம சபை என்ற வலிமையைத் தந்தது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்ட முயன்றபோது, 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் கிராம சபைகளின் கருத்தைக் கேட்கச் சொன்னது. கேட்கப்பட்ட 12 சபைகளும் மறுத்தன, மலை பிழைத்தது. டோங்கிரியா கோந்தர் அம்மலையைத் தெய்வமாகக் கருதுகின்றனர். நாம் எந்த மலையையும் தெய்வமென்று தொழப்போவதில்லை. ஆனால் அம்மலையின் ஓடையில் நீர் அருந்துவோர் அவர்கள். அச்சரிவில் பயிரிடுவோர் அவர்கள். ஆகவே முடிவு சொல்லும் உரிமையும் அவர்களுடையது. அவர்கள் தெய்வத்தை ஏற்காமலே அவர்கள் வாக்கை ஏற்க முடியும். அதுவே மக்களாட்சி, அதுவே பகுத்தறிவு.

ஆகவே இளைஞர்களே, அந்தப் பேருரையை எரிக்கச் சொல்லவில்லை; எழுதியவர் பெயரோடு படியுங்கள் என்கிறோம். "இது டெட் பெர்ரி 1970களின் தொடக்கத்தில் படத்திற்காக எழுதியது" என்று முதலில் சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் சியாட்டில் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் கதையைச் சொல்லுங்கள். பில்லி ஃபிராங்கின் கைதுகளைச் சொல்லுங்கள். எல்வாவில் இடிந்த அணைகளைச் சொல்லுங்கள். இறகு செருகிய சிறுவன் ஒப்பிப்பதற்கு அவை எளியவை அல்ல. எதுகையும் மோனையும் அவற்றில் இல்லை. ஆயினும் அவை நடந்தவை.

இயற்கையை நேசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா? கற்பனைத் தலைவனின் காலடியில் அமரவேண்டாம். ஆற்றங்கரையில் வாழ்வோரிடம், அவர்கள் பெயர் கேட்டு, மொழி கேட்டு, வழக்கு என்னவென்று கேட்டுத் தொடங்குவோம். அவர்கள் சொல்வது நம் செவிக்கு இனிமையாக இல்லாமலும் போகலாம். "எங்கள் மீன் எங்கே? எங்கள் நிலம் எங்கே?" என்பதாகவே அது இருக்கலாம். அதையும் கேட்போம், கேட்டபின் கைதட்டிக் கலைந்து செல்லாமல் இருப்போம்!